கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் ஒரு நட்டைப் பாருங்கள்

என் மாருதி 800, 2003 மாடல். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு விற்க மனம் வரவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீடு வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில். வேலை எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கணக்கு எழுதுவது. தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் வண்டி அடி அடியாகத்தான் நகரும். ஒருநாள் கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதனால் எங்கள் பக்கம் பழைய சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினுக்கு முன்னால் கிளட்ச்தான் பேஜார் கொடுக்கும்.

2017இல் எனக்கும் கொடுத்தது. பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ப்ளேட் போயிடுச்சு மேடம், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். இறக்கினார்கள். 6,800 ரூபாய் பில். மூன்று மாதம் ஓடியது. நாலாவது மாதம் அதே பாலம், அதே கத்தல்.

இந்தத் தடவை இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாயிடம் போனேன். பட்டறை என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு ஜாக்கி, ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பானர், அவ்வளவுதான். அவர் வண்டியில் ஏறி உட்காரவே இல்லை. கதவைத் திறந்து, குந்தி, கிளட்ச் பெடலைக் கையால், அதுவும் இரண்டே விரலால் அழுத்திப் பார்த்தார். "இன்னாம்மா, கொஞ்சம்கூட லூஸே இல்ல? நீ காலை எடுத்தாலும் வண்டி மிதிச்சிக்கினுதான் இருக்குது" என்றார். பானெட்டைத் திறந்து ஒரு நட்டை நாலைந்து சுற்று தளர்த்தினார். வாங்கிக்கொண்டது நூறு ரூபாய். பழைய ப்ளேட்டை முதல் ஒர்க்‌ஷாப்காரர்கள் டிக்கியில் போட்டுத் தந்திருந்தார்கள். அதையும் எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கலாம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு கிளட்ச் விஷயத்தில் ஸ்பானரை நானே எடுக்கிறேன். தெருவில் என்னை மரை கழன்ற கேஸ் என்று சொல்வதும் காதில் விழுகிறது. சொல்லட்டும். மரையைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

உள்ளே நடப்பது

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது ப்ரெஷர் ப்ளேட். இரண்டுக்கும் நடுவே, இரண்டு தோசைக்கல்லுக்கு நடுவில் மாட்டிய அடை மாதிரி, கிளட்ச் ப்ளேட். அது கியர்பாக்ஸ் தண்டில் கோத்திருக்கும். ப்ரெஷர் ப்ளேட்டின் ஸ்பிரிங் அழுத்தி இறுக்கிப் பிடிக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும், வண்டி ஓடும். நாம் பெடலை மிதித்தால் கேபிள் ஒரு இரும்புக் கையை இழுக்கும். அந்தக் கை ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்கும், பிடி விடும். ப்ளேட் தனியாக நிற்கும், அப்போது கியர் மாற்றலாம்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒரு சங்கதி இருக்கிறது. ப்ளேட் தேயத் தேய அந்த ஸ்பிரிங் விரல்கள் வெளியே, பேரிங்கை நோக்கி வரும். ஆகவே பெடலில் ஆரம்பத்தில் இருக்கும் அந்தச் சும்மா ஆட்டம், பட்டறைக்காரர்கள் ஃப்ரீ ப்ளே என்பது, நாளாக ஆகக் குறையும். முழுக்கக் குறைந்துவிட்டால் பேரிங் எந்நேரமும் விரல்களை அமுக்கிக்கொண்டே இருக்கும். பிடி தளரும், ப்ளேட் வழுக்கும், வழுக்க வழுக்கச் சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். அப்போது மெக்கானிக் "ப்ளேட் மாற்ற வேண்டும்" என்று சொன்னால், உண்மையாகவே மாற்ற வேண்டியதாகியிருக்கும்.

கேபிள் நீண்டுபோனால் நேர் எதிராக நடக்கும். ஆட்டம் அதிகமாகிவிடும். பெடல் அடிவரை போனாலும் பிடி முழுசாக விடாது, கியர் விழாமல் கரகரக்கும். இப்படி இரண்டு எதிரெதிர் வியாதி, இரண்டுக்கும் முதல் மருந்து ஒரே நட்டு. எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். புதுப் ப்ளேட் தடிமனாக இருந்ததால் ஆட்டம் கூடிப்போயிருக்கிறது. பெடல் லூஸாக இருக்கிறதே என்று கேபிளை முறுக்கி, மிச்சமே வைக்காமல் இறுக்கிவிட்டார்கள். புதுப் ப்ளேட் கொஞ்சம் படிந்ததும் இருந்த அரைக்கால் இடமும் போயிற்று.

இதெல்லாம் கேபிள் கிளட்ச் உள்ள வண்டிக்கு. 800, ஆம்னி, பழைய ஆல்டோ வைத்திருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் இப்படித் திருப்ப நட்டு இருக்காது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆயில் டப்பாவின் மட்டம், சிலிண்டர்களில் கசிவு.

முதலில் விரலால்

எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து குந்திக்கொள்ளுங்கள். காலால் மிதித்தால் இது தெரியாது. காலுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. விரலால் பெடலை மெல்ல அழுத்துங்கள். கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும், பிறகு ஒரு இடத்தில் "ம்" என்று நிற்கும். அதுவரை போன தூரம்தான் ஃப்ரீ ப்ளே. பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளலாம். என் வண்டிக்கு இரண்டு சென்டிமீட்டர் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கைப்புத்தகத்தில் இருக்கும், அதன்படி வையுங்கள். ஆட்டமே இல்லையென்றால் வழுக்கல் கேஸ். நாலைந்து சென்டிமீட்டர் தொளதொளவென்று போனால் கியர் விழாத கேஸ்.

திருத்துவது பத்து நிமிட வேலை. பானெட்டைத் திறந்து, பெடலிலிருந்து தடுப்புத் தகட்டைத் தாண்டி வரும் கறுப்புக் கேபிளைக் கண்ணாலேயே தொடர்ந்து போங்கள். கியர்பாக்ஸ் மேல் ஒரு இரும்புக் கையில் போய் முடியும். கேபிளின் நுனியில் மரை இருக்கும், மரையில் நட்டு. அதைத் தொடுவதற்கு முன் பழைய டூத்பிரஷால் அழுக்கைத் தேய்த்துவிட்டு, துரு விடும் ஆயில் ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், உப்புக்காற்று மரையைச் சும்மா விடாது. ஆயில் போடாமல் திருகினால் நட்டோடு கேபிளே சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எனக்கு அப்படி ஒரு கேபிள் பாழானது. இப்போது கேபிள் நுனியை ஒரு கட்டிங் ப்ளையரால் பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருப்புகிறேன்.

நட்டை இறுக்கினால் ஆட்டம் குறையும், தளர்த்தினால் கூடும். இரண்டு சுற்று திருப்பு, போய்ப் பெடலை நாலு தடவை முழுசாக மிதித்துவிடு, மறுபடி விரலால் பார். இப்படியே போய் வந்து போய் வந்து செய்ய வேண்டியதுதான். கியர்பாக்ஸ் பக்கம் அந்த இரும்புக் கையையும் ஆட்டிப் பாருங்கள். அதிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். பெடலில் ஆட்டம் இருந்து இங்கே இல்லையென்றால், ஆட்டம் பெடல் புஷ்ஷில், அதாவது பெடல் அச்சில் இருக்கும் சின்ன வளையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஏமாந்துவிடாதீர்கள்.

வழுக்கல்

ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காலியான ரோடு வேண்டும். எங்களுக்கு அது ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் கிடைக்கும். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். சத்தம் மட்டும் குபீரென்று ஏறி, வேகமுள் அசையாமல் இருந்தால் வழுக்குகிறது. என் வண்டியில் ஆர்.பி.எம். காட்டும் மீட்டர் இல்லை. காதுதான் மீட்டர்.

நின்றபடி பார்க்கும் முறையும் உண்டு. முன் சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், டாப் கியரில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை மெதுவாக விட வேண்டும். எஞ்சின் சட்டென்று அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் முக்கிக்கொண்டே ஓடினால் இல்லை. இதை ஒரு தடவை செய்தால் போதும். நாலு பேருக்குக் காட்ட நாலு தடவை செய்தால், நல்ல ப்ளேட்டும் கருகும்.

வழுக்கல் உறுதி, ஆட்டமும் சரி என்றால் மிச்சம் மூன்றுதான். ப்ளேட் தேய்ந்திருக்கும், ப்ரெஷர் ப்ளேட்டில் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ப்ளேட்டில் ஆயில் பட்டிருக்கும். மூன்றாவதை வெளியிலிருந்தே ஊகிக்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ராத்திரி ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில். ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களில் எது போயிருக்கிறது என்று மெக்கானிக்குக்கு நீங்களே சொல்லிவிடலாம். கியர்பாக்ஸை இறக்கப் போவதால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவார். சீலை மாற்றாமல் புதுப் ப்ளேட் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குகிற மாதிரி.

ரிவர்ஸ் கரகரப்பு

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கும்போது திரும்பிப் போய்விடலாம் என்று ரிவர்ஸ் போட்டால் பல் விளக்குகிற மாதிரி சத்தம். பின்னால் இருக்கும் ஆட்டோக்காரர், "அக்கா, பாக்ஸு கயண்டுக்கப் போவுது" என்று இலவச ஆலோசனை தருவார். பெரும்பாலும் பாக்ஸ் இல்லை.

ரிவர்ஸ் கியருக்கு மற்ற கியர்களைப் போல வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையம் இல்லை. அதனால் கிளட்ச் பிடி விட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதுதான் நல்ல சாட்சி. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கட்டும். பெடலை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, அவசரம் உங்களிடம்தான். ஐந்து எண்ணியும் கரகரத்தால் ப்ளேட் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடி விடவில்லை. அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த பிறகும் சண்டித்தனம் செய்தால் கோளாறு கியர் ராடிலோ பாக்ஸிலோ இருக்கிறது. அணைத்ததும் வெண்ணெய் போல விழுந்தால் கிளட்ச்தான். உடனே கேபிளுக்குப் போங்கள்.

கேபிள் சரி, ஆட்டமும் சரி, ஆனாலும் பிடி விடவில்லை என்றால் ஒன்று, ப்ளேட் வளைந்திருக்கும், அல்லது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுவதை நான் கண்ணாரக் கண்டது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் கதவின் அடிவரை வந்து இரண்டு நாள் நின்றது. முதலில் ஆயில், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்து, தண்ணீர் போகவில்லை என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் ஓடியது. ஆனால் நடுவில் மூன்று வாரம் வண்டியைத் தொடாமல் விட்டிருந்தேன். கிளட்சை மிதித்து முதல் கியர் போடப் போனால் கியர் விழவே மாட்டேன் என்றது. ஈரத்தில் ஃப்ளைவீல் துருப்பிடித்து ப்ளேட்டை அப்படியே கவ்விக்கொண்டது.

பாய் செய்த வைத்தியம் இது. நியூட்ரலில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினார். அணைத்தார். வண்டியைத் தள்ளி ரோட்டோடு நேராக நிறுத்தி, முன்னால் ஐம்பது அடிக்கு யாரும் இல்லை என்று பையனை விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்தபடியே சாவியைத் திருப்பினார். ஸ்டார்டர் இழுத்ததும் வண்டி குலுங்கி ஓட ஆரம்பித்தது. கிளட்சிலிருந்து காலை எடுக்காமல், ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் விடுவதுமாகப் போனார். தெருமுனைக்குள் "டக்" என்று ஒரு சத்தம். பிரிந்தது. இது ஆபத்தில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டம் உள்ள சந்தில் செய்யவே கூடாது, பிரேக் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த வண்டியில் மட்டும் செய்ய வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை வாரத்துக்கு இரண்டு தடவையாவது நகர்த்தியிருந்தால் இந்த வேலையே இல்லை.

உதறல், சத்தம்

கிளட்சை விடும்போது வண்டி உதறினால் உடனே ப்ளேட்டைக் குறை சொல்ல வேண்டாம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவரை ஹேண்ட் பிரேக்கோடு கிளட்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் எகிறிக் குதித்தால் அதைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். மவுன்ட் நன்றாக இருந்தால், ப்ளேட்டில் ஆயிலோ ஃப்ளைவீலில் சூடு பட்ட திட்டுகளோ இருக்கும்.

சத்தத்துக்குக் கணக்கு இன்னும் சுலபம். பெடலில் கால் வைத்து அழுத்தும்போது கிரீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். கால் வைக்காதபோது நியூட்ரலில் இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்.

கேபிள் மாற்றுதல்

பெடல் திடீரென்று கனத்தால், அல்லது மிதித்து விடும்போது தயங்கித் தயங்கி வந்தால், கேபிள் உள்ளே பிரிந்துகொண்டிருக்கிறது. இரும்புக் கை பக்கம் கேபிள் நுனியைப் பாருங்கள். மல்லிகைச் சரத்தில் நார் பிரிந்த மாதிரி ஒரு இழை துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த வாரமே மாற்றிவிட வேண்டும். நான் மாற்றாமல் விட்டு, விரைவுச் சாலையில் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் அறுந்தது. பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது.

அப்படி அறுந்தால் ஓரம் கட்ட ஒரு வழி உண்டு. எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, கிளட்ச் இல்லாமலே சாவியைத் திருப்பினால் ஸ்டார்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக் கிளப்பிவிடும். நிறுத்த வேண்டுமானால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரை நியூட்ரலுக்கு இழுத்து பிரேக் போட வேண்டும். இது ஓரம் கட்டுவதற்கு மட்டும். வீடுவரை இப்படி ஓட்டி வந்தேன் என்று பெருமை பேசுகிறவர்களின் ஸ்டார்டரைப் பிறகு போய்ப் பாருங்கள்.

கேபிளை மாற்றுவது ஒருவர் செய்யக்கூடிய வேலைதான், முதுகு ஒத்துழைத்தால். கியர்பாக்ஸ் பக்க நட்டை முழுசாகக் கழற்றி, பிடியிலிருந்து கேபிளை விடுவிக்க வேண்டும். அப்புறம் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, பெடலின் மேல்முனைக் கொக்கியிலிருந்து கேபிள் கண்ணைக் கழற்ற வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் அரை மணி நேரம் போகும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொள்ளுங்கள். செல்போனை வாயில் கவ்விக்கொண்டு செய்து பார்த்திருக்கிறேன், வேண்டாம். பழைய கேபிளை உருவுவதற்கு முன் அது போகும் வழியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதுசும் அதே வழியில், புகைக்குழாயைத் தொடாமல், எங்கும் ஒடிந்து மடங்காமல் போக வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீளம் பார்த்துவிட்டுத்தான் மாட்ட ஆரம்பிக்க வேண்டும். கடைக்காரர் ஆம்னியுடையதைக் கொடுத்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கொக்கியில் துளி கிரீஸ் வைக்கலாம். உறைக்குள் ஆயில் ஊற்றுவது சைக்கிள் காலத்துப் பழக்கம். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்து வரும் கேபிளுக்கு அது கூடாது, தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். மாட்டி முடித்து ஆட்டத்தைச் சரிசெய்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் இளகி உட்காரும்.

உண்மையாகவே இறக்க வேண்டி வந்தால்

அந்த வேலையை நான் செய்வதில்லை. ஆக்சில்களை உருவ வேண்டும், ஸ்டார்டரைக் கழற்ற வேண்டும், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், பாக்ஸைத் தாங்க இரண்டு ஆள் வேண்டும். தெருவில் ஒற்றை ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க எனக்குத் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் பாய் செய்யும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், 2021இல். அப்போது பார்த்ததையும், நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதையும் சொல்கிறேன்.

ப்ளேட், ப்ரெஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று மிச்சம் பிடித்தால், அது போகும்போது மறுபடி இதே கூலி. புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு போகலாம், பில்லோடு வாங்குங்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை போகிறவர்கள் கதவு, கண்ணாடி, பம்பர் என்று எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். ஒருவர் தேய்த்துப் போட்ட கிளட்ச் ப்ளேட்டை மட்டும் வாங்க வேண்டாம்.

கழற்றிய ப்ளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதன் மேல் தேய்கிற பரப்பான லைனிங்கை ரிவெட் அடித்து ஒட்டியிருப்பார்கள். ரிவெட் தலை லைனிங்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்பதுதான் மிச்ச ஆயுள். அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட இல்லையென்றால் முடிந்தது. 2017இல் என் டிக்கியில் கிடந்த ப்ளேட்டில் விரல் நகம் உள்ளே இறங்கி நின்றது. இந்த ஒரு விஷயம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒர்க்‌ஷாப்பில் நன்றாகவே சண்டை போட்டிருப்பேன்.

ஃப்ளைவீலில் கை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். நீலத் திட்டுகள், மயிரிழை விரிசல், விரலுக்குத் தட்டும் வரிகள் இருந்தால் லேத்து பட்டறையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பாயின் பையனிடம் நான் இதைச் சொன்னபோது சிரித்தான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் துடைத்தான்.

புதுப் ப்ளேட்டுக்கு முன் பின் உண்டு. அதன் நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் ப்ரெஷர் ப்ளேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கியரே விழாது, மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். லைனிங்கில் கிரீஸ் கை படக் கூடாது. நடுத்துளை நேராக இருக்க, பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒன்றை டம்மியாகச் செருகிப் பிடித்துக்கொண்டுதான் பாய் போல்ட்களைப் பூட்டினார். அதுவும் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. எதிரும் புதிருமாக, சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். தண்டின் பல்லுக்குப் பூசிய கிரீஸ் ஒரு கடுகளவு. "ஜாஸ்தி தடவுனா அதுவே தெறிச்சு ப்ளேட்டை கலீஜ் பண்ணிடும்" என்றார்.

எல்லாம் மாட்டிய பிறகு கியர் ஆயில் ஊற்றினார்களா என்று கேளுங்கள். ஆக்சிலை உருவும்போது ஆயிலை வடித்திருப்பார்கள். திரும்ப ஊற்ற மறந்து வண்டியைக் கொடுத்த கதைகள் எங்கள் பக்கமே இரண்டு உண்டு. ஊற்றும்போது நேரில் நில்லுங்கள். மட்டம் பார்க்கும் துளையைக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் அரைக் கிளட்சில் நிற்காமல், மேட்டில் கிளட்சாலேயே வண்டியைத் தாங்காமல் ஓட்டினேன். டிரெய்லர் வரிசை நின்றால் நியூட்ரல் போட்டுக் காலைத் தரையில் வைத்துவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

மரையைச் சொல்கிறேன் என்றேனே. ப்ளேட் தேயும்போதெல்லாம் நட்டைத் தளர்த்துகிறோம், அது கேபிளின் நுனியை நோக்கி நகர்கிறது. அது நுனிக்கே வந்து, இன்னும் ஆட்டம் கிடைக்கவில்லை என்றால் ப்ளேட்டின் காலம் முடிந்தது. எந்த மெக்கானிக்கும் வந்து சொல்ல வேண்டியதில்லை. புது செட் போட்ட அன்று நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையை எண்ணி, அப்பாவின் பழைய சர்வீஸ் நோட்டில் எழுதி வைத்தேன்: பதினாறு. போன மாதம் துரு துடைத்து எண்ணியபோது பதினொன்று.